நடையை அளக்கும் கணுக்கால் அணை

நடை என்னும் சொல் தமிழிலே பல பொருள்படுவது. ஒருவரது ஒழுக்கத்தை நடை என்கிறோம். ஆசிரியர் ஒருவரது எழுத்தின் போக்கையும் நடை என்கிறோம். செய்யுளின் உறுப்பொன்றிற்கு அடி என்று பெயரிட்ட இலக்கணமுடையார் அடியைச் சீராலும், சீரை அசையாலும், அசையை எழுத்தாலும் அளந்தனர். எழுத்தொலிக்கும் மாத்திரை வகுத்து, கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அதற்கு அளவாகக் கொண்டனர். இவ்வளவு நுணுக்கமாகச் செய்யுளடியை அளக்கக் கற்ற நாம், நம் கால் மண்ணில் வைக்கும் அடியை அளக்க எண்ணியதுண்டோ? யானும் எண்ணியதில்லை. என் தந்தையார் கால் தளர்ந்த பின்னரே அவ்வெண்ணம் பிறந்தது.

தந்தையார் முப்பது ஆண்டுகள் உபதேசியாராக ஊழியம் செய்தவர். மூன்று சிற்றூர்களுக்கிடையே வெயிலென்றும் மழையென்றும் பாராது நடந்தே சென்று வந்தவர். ஈராண்டுகளுக்கு முன் பக்கவாதம் கண்டு அவரது வலப்பக்கம் முழுவதும் தளர்ந்தது. பேச்சு முதலில் மீண்டது; பின்னர்க் கை ஒருவாறு மீண்டது; கால் ஊன்றும் வலிமையும் வந்தது. ஆயின் பாதம் மட்டும் மேலே தூக்கமாட்டாமல் தொங்கிப்போயிற்று. அதற்காக ஒரு கணுக்கால் அணை செய்து கொடுத்தார்கள். வழக்கில் அதனைப் பிரேஸ் என்பர். முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து பின்புறமாக இறங்கி, குதிகாலை வளைத்து, உள்ளங்காலின் கீழ் நீண்டு செல்லும் பிளாஸ்டிக் தகடு அது, பட்டையால் இறுக்கிக்கொள்வது.

மூன்று திங்களுக்கு ஒருமுறை அவரை மருத்துவசாலைக்கு அழைத்துச் செல்வோம். அங்கே இயன்முறை மருத்துவர் முன்னிலையில் பத்தடி நடந்து காட்டுவார். நிமிர்ந்து, அழகாக, ஏறக்குறைய பழைய உபதேசியாராகவே நடப்பார். நடை நன்று என்று சீட்டில் எழுதப்படும். வீட்டிலோ, மாலை வேளையில், கால் விரலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வருவார். நடையிற்படி தடுக்கி மும்முறை விழுந்திருக்கிறார். இது எங்ஙனம் என்று வினவியபோது, "பார்க்க ஆள் இருந்தா காலுக்கும் பயம் வந்துருது தம்பி" என்று சிரித்தார். அணை அவருக்குப் பயன்படுகின்றதா இல்லையா என்பதே எங்கள் இல்லத்தில் நெடுநாள் தீராத வழக்காயிருந்தது. அது வெறும் சுமை என்பது அவர் கட்சி. அது இன்றேல் மீண்டும் விழுவீர் என்பது அன்னையார் கட்சி. தீர்ப்புக்குச் சான்று வேண்டுமன்றோ? பௌதிக ஆனர்ஸ் வகுப்பிலுள்ள என் நண்பரொருவர், அணையிலேயே உணர்கருவி பொருத்தி அளக்கலாம் என்று கூறினார். அவ்வழி யான் கற்றவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். தமிழ் மாணவன் பௌதிகத்தில் தலையிடுதலை ஆசிரியன்மார் பொறுப்பாராக.

முதற்கண் நடை யாதென அறிவோம். ஒரு குதிகால் தரையிற் படும் கணம் தொடங்கி, அதே குதிகால் மீண்டும் தரையிற் படும் கணம் வரையில் உள்ளது ஒரு நடைச்சுற்று. இயல்பான நடையில் அச்சுற்றின் 60 விழுக்காடு அளவு அக்கால் தரையை ஊன்றியிருக்கும். எஞ்சிய 40 விழுக்காடு காற்றில் வீசிச் செல்லும். ஒரு கால் ஊன்றி முடியுமுன் மற்றது ஊன்றத் தொடங்குதலின், சுற்றொன்றில் இருமுறை, முறைக்குப் பத்து விழுக்காடு அளவில், இருகாலும் தரையிலிருக்கும். இவ்விரட்டை ஊன்றல் முற்றும் மறைந்துவிடின் அது நடையன்று, ஓட்டம். இளமையும் நலமும் உடையார் விரைவாக நடக்குங்கால் ஒரு நிமிடத்தில் 120 அடி வரை வைப்பர். அஃதாவது ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி.

இதனுள் கணுக்கால் செய்யும் வேலை வியக்கத்தக்கது. குதிகால் பட்டவுடன் பாதம் 'தொப்'பென்று விழாதபடி முன்காலின் தசை அதனைப் பிடித்து மெல்ல இறக்குகிறது. பின்பு ஊன்றிய பாதத்தின்மேல் காலின் தண்டு முன்னோக்கி உருள்கிறது. அப்போது பாதத்துக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட கோணம் பத்துப் பாகையளவு குறுகும். அடுத்து, விரலடியில் எழும்பித் தரையை உந்துங்கால், பாதம் இருபது பாகையளவு கீழ்நோக்கி நீளும். அமெரிக்க மருத்துவர் ஜாக்குலின் பெர்ரி இம்மூன்றினையும் தொட்டிலின் வளைந்த அடியோடு ஒப்பிட்டுக் குதி, கணு, விரலடி என மூன்று உருளல்களாக வகுத்தார். 1992-ஆம் ஆண்டில் வெளியான அவரது நூல் இத்துறையில் பாடநூலாகவே விளங்குகிறது. உந்தி எழுந்த பாதம் வீச்சின்போது மீண்டும் மடங்கிச் சமநிலைக்கு வரவேண்டும். வீச்சின் நடுவே கால்விரலுக்கும் தரைக்கும் இடையேயுள்ள இடைவெளி ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டரே! நாம் அனைவரும் நாள்தோறும் விரற்கடை அகலத்தில் விழாமல் தப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதனை அறிந்தபின், படியேறும்போதெல்லாம் எனக்கு ஒரு நடுக்கம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

பாதத்தைத் தூக்கும் தசை வலியிழப்பின் அவ்விடைவெளி அற்றுப்போம். பக்கவாதம் ஒன்றே இதற்குக் காரணமன்று. முழங்காலின் வெளிப்புறத்தே, தோலுக்கு அண்மையில், சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றிவரும் நரம்பு ஊறுபட்டாலும் பாதம் தொங்கும். தொழுநோயில் இந்நரம்பு கெடுதல் உண்டு. கணுக்கால் அணை, தொங்கும் பாதத்தைச் செங்கோணத்தில் தாங்கிப் பிடித்து, இழந்த விரற்கடையை மீட்டுத் தருகிறது.

நடையை அளக்கும் முயற்சி பழையது. ஜெர்மனியில் வேபர் உடன்பிறந்தார் இருவர் 1836-ஆம் ஆண்டில் மனித நடையைப் பற்றி நூலொன்று வெளியிட்டனர். வீசும் கால் கடிகாரத்தின் ஊசல்போலத் தானே ஆடுகிறது என்பது அவர் கொள்கை. அது முழு உண்மையன்று, தசைகளும் உழைக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிரான்சு தேசத்து மாரே என்பார் செருப்பின் அடியில் காற்றறை அமைத்து, அதிலிருந்து இரப்பர்க் குழாய் ஒன்றை, நடப்பவன் கையில் ஏந்திய பதிவுருளைக்குக் கொண்டுசென்றார். அடி அழுந்தக் காற்று நெருங்கும்; உருளையில் கோடு எழும்பும். 1873-ஆம் ஆண்டில் வெளியான அவர் நூலில் இதன் படம் உண்டு. காலில் கட்டிக்கொண்டு நடந்து அளக்கும் கருவிக்கு இதனையே மூதாதை என்னலாம். பின்னர் லைப்ஸிக் நகரில் பிரௌன், பிஷர் என்னும் இருவர், ஒரு போர்வீரனது உடலில் மின்னொளிக் குழாய்களைக் கட்டி, இருளில் நடக்கவிட்டு, பல திசைகளினின்றும் நிழற்படம் எடுத்தனர். அவன் நடந்தது சில அடிகள். அவற்றைக் கணித்து வெளியிடுவதற்கோ 1895 முதல் 1904 வரை ஆயிற்று.

இக்காலத்து நடையாய்வுக் கூடங்களிலும் அடிப்படை அதுவே. உடலில் ஒளிதிருப்பும் சிறு குமிழ்களை ஒட்டுவர். சுற்றிலும் அகச்சிவப்பு ஒளிப்படக் கருவிகள் இருக்கும். தரையிற் புதைத்த விசைப்பலகை, மிதிக்கும் விசையை அளக்கும். கணக்கை இப்போது கணினி நொடியில் முடித்துவிடுகிறது. குறை யாதெனின், நடப்பவர் கூடத்திற்குச் செல்லவேண்டும் என்பதே. அங்கே தரை சமம், வெளிச்சம் நன்று, பார்ப்பாரும் உளர். என் தந்தையார் அங்கும் அழகாகவே நடந்து காட்டுவார்! வீட்டிலும் தெருவிலும் நாள் முழுவதும் உடனிருந்து அளப்பதற்குக் கருவியே காலோடு செல்லவேண்டும்.

அத்தகைய கருவியுள் இன்றியமையாதவை இரண்டு. ஒன்று முடுக்கமானி. விரல்நகத்தினும் சிறிய சிலிக்கன் சில்லினுள், நுண்ணிய விற்களிலே தொங்கும் ஒரு பொருண்மை உளது. சில்லு அசையும்போது அது பின்தங்கும்; அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடைவெளி மாறும்; அம்மாற்றம் மின்னளவாக வெளிப்படும். ஓடும் பஸ் திடீரென நின்றால் நாம் முன்னே சாய்கிறோமே, அதுதான் இது. மற்றொன்று சுழற்சிமானி. இதனுள் ஒரு பொருண்மை இடைவிடாது அதிர்ந்துகொண்டிருக்கும். சில்லு சுழலும்போது அவ்வதிர்வு பக்கவாட்டில் விலக்கப்படும். 1835-ஆம் ஆண்டில் கொரியோலிஸ் விளக்கிய விசை அது. விலகலை அளந்தால் சுழலும் வேகம் தெரியும். அணையின் தண்டுப் பகுதியில் ஒன்றும் பாதப் பகுதியில் ஒன்றும் வைப்பின், இரண்டின் சாய்வுக்கும் உள்ள வேறுபாடே கணுவின் கோணம். சிலர் உள்ளங்காலின் கீழ், அழுத்தத்தால் மின்தடை குறையும் மெல்லிய வில்லைகளையும் வைப்பர்.

காலின் தண்டில் கட்டிய சுழற்சிமானி வரையும் கோட்டில் ஒழுங்கான வடிவம் ஒன்று உண்டு. வீச்சின் நடுவில் உயர்ந்த முடி ஒன்று. அதற்கு முன்னே ஒரு பள்ளம், அது விரல் தரையை விட்ட கணம். பின்னே ஒரு பள்ளம், அது குதி தரையைத் தொட்ட கணம். முதன்முறை அக்கோட்டைக் கண்டபோது நேர்நிரை வாய்பாடு எழுதிய ஏடு போலவே எனக்குத் தோன்றிற்று.

இனி, கருவியை நம்புவது எங்ஙனம்? நோயாளியைச் சோதிக்கும் கருவியை முதலில் நாம் சோதிக்கவேண்டும். இதில்தான் என் நண்பர் மிகக் கண்டிப்பானவர். கருவியைக் காலில் கட்டுமுன் ஒரு வாரம் மேசைமேலேயே வைத்திருந்தார். முடுக்கமானியை ஆறு பக்கமும் புரட்டி வைத்துப் பார்த்தார். அசையாதிருக்கும்போதும் அது புவியீர்ப்பின் அளவாகிய 9.8-ஐக் காட்டவேண்டும், தலைகீழாகப் புரட்டினால் அதே அளவு எதிர்க்குறியோடு வரவேண்டும். சுழற்சிமானிக்குச் சோதனை இன்னும் எளிது: சும்மா இருக்கும்போது சுழியைக் காட்டவேண்டும். காட்டுவதில்லை! சிறு பிழை எப்போதும் உண்டு. விநாடிக்குப் பத்தில் ஒரு பாகைதானே என்று இகழ்தல் ஆகாது. வேகத்தைக் கூட்டிக் கூட்டியே கோணம் காண்கிறோமாதலின், ஒரு நிமிடத்தில் அப்பிழை ஆறு பாகையாகத் திரளும். கணுவின் மொத்த அசைவே முப்பது பாகையென்று மேலே கண்டோம். அதில் ஐந்திலொரு பங்கு பொய்யாகிவிடும்.

இப்பிழையை நீக்கும் உபாயத்தை நடையே அளிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பாதம் தரையில் முழுதும் படிந்து அசைவற்றிருக்கும் ஒரு கணம் உண்டு. அப்போது பாதத்தின் வேகம் சுழி என்பது நாம் அறிந்ததே. பாதக்கருவி வேறேதும் கூறினும் அதனைச் சுழியாக்கிவிட்டு மேற்செல்லலாம். அடிதோறும் பிழை கழிவதால் அது திரள வழியில்லை. பாதம் தேய்த்து நடப்பவரிடத்து இவ்வுபாயம் தடுமாறும். அசைவற்ற கணமே அவர்க்கு அரிது. ஆகவே, நலமுடைய மாணவர்களை நடக்கவிட்டுச் சோதித்த கருவி, நோயுடையாருக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் பெரும் பிழை.

பின்னர்ச் சிறு காலங்களின் இடர் ஒன்று உண்டு. கருவி விநாடிக்கு நூறு முறை அளக்கிறதென்க. கண் இமைக்கும் நேரத்துள் பத்து முறைக்குமேல் அளந்துவிடுகிறது. மாத்திரை வகுத்தோர் கண்டால் மகிழ்ந்திருப்பர். ஒரு சுற்றுக்கு நூறு அளவுகள் கிடைக்கும். தொடக்கத்தில் இரண்டும் இறுதியில் இரண்டும் பிழைபட்டாலும் குற்றமில்லை. ஆனால் இரட்டை ஊன்றல் அச்சுற்றில் பத்தில் ஒரு பங்கே; அதற்குக் கிடைப்பன பத்து அளவுகள்; அவற்றுள் நான்கு பிழைபடின் என்னாகும்? ஆதலின் ஒரே கருவி சுற்றின் காலத்தைச் செம்மையாகவும் அதன் உட்பிரிவுகளைக் கோணலாகவும் கூறக்கூடும்.

நடையாய்வுக் கூடத்தின் அளவோடு கருவியின் அளவை ஒப்பிடும் முறையிலும் ஒரு வலை விரிந்துள்ளது. இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன என்று கண்டு மகிழ்பவர் பலர். எங்கள் ஊர் மணிக்கூண்டுக் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் பின்தங்கியே ஓடுகிறது. மெய்யான காலத்தோடு அது முழுதும் சேர்ந்தே செல்கிறது. அதனை நம்பிச் சென்றவர் ரயிலைத் தவறவிடுவர். சேர்ந்து செல்லுதல் வேறு, ஒத்திருத்தல் வேறு. 1986-ஆம் ஆண்டில் பிளாண்ட், ஆல்ட்மன் என்னும் புள்ளியியலார் இருவர் இவ்வேறுபாட்டை விளக்கி எளிய முறையொன்று காட்டினர். ஒவ்வொருவரிடத்தும் இருகருவிகள் தந்த அளவுகளைக் கழித்து, அக்கழிவுகளின் சராசரியையும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கழிவுகள் எந்த எல்லைக்குள் அடங்கும் என்பதனையும் காண்க என்றனர். அவ்வெல்லை நம் தேவைக்குப் போதுமா என்பதைக் கணக்குக் கூறாது, மருத்துவரே கூறவேண்டும்.

அணைக்கே உரிய இடர்களும் உள. உணர்கருவியை ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் வைக்க அணை உதவுகிறது. தோலின்மேல் ஒட்டினால் அது இயலாது. ஆயின் பட்டை தளர்ந்தால் கால் அணைக்குள் வழுக்கும். கருவி அளப்பது அணையின் நடையாகுமேயன்றிக் காலின் நடையாகாது. எஃகுக் கீல் உடைய அணையில் காந்தமானி வைத்தால் அது வடக்கை மறந்துவிடும். கருவியின் எடையே நடையை மாற்றுதலும் கூடும்.

எங்கள் சோதனை மிகச் சிறியது. கல்லூரித் தாழ்வாரத்தில் கோலப்பொடி தூவி, நண்பர் தாம் செய்த கருவிகளை என் இரு கால்களிலும் கட்டி நடக்கவிட்டார். பொடியிற் பதிந்த அடிகளும் கருவி எண்ணிய அடிகளும் ஒத்தன. பெருமிதத்தோடு ஊருக்குச் சென்றோம். தந்தையார் நடந்தபோதோ, இடக்காலை எண்ணிய கருவி வலக்கால் அடிகளுட் பலவற்றைக் காணவேயில்லை. என் காலின் வேகத்திற்கு ஏற்ப வரம்பை உயரமாக வைத்திருந்தோம். அவர் கால் அவ்வரம்பை எட்டவில்லை. வரம்பைத் தாழ்த்தினார் நண்பர். உடனே, நாற்காலியில் அமர்ந்து காலாட்டுவதும் நடையாக எண்ணப்பட்டது. ஒரு முழுநாளும் இவ்வாறு கழிந்தது. "ஐயா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நண்பர் இருபது தடவை வேண்டினார். முடிவில், முடியும் இருபுறத்துப் பள்ளங்களும் ஒருங்கே அமைந்தாலன்றி அடியென்று கொள்ளாதபடி திருத்திய பின்னரே கணக்குப் பொருந்திற்று.

ஒரு வாரம் கருவி அணையில் இருந்தது. வாரமுடிவில் கண்டது நாங்கள் எதிர்பார்த்ததன்று. ஒவ்வொரு நாளும் பிற்பகல் தொடங்கி இரவு வரையில் வலக்கால் கோடு நேர்கோடாக இருந்தது. இடக்கால் மட்டும் நடந்துகொண்டிருந்தது! ஒற்றைக்காலால் நடப்பவர் உலகில் இல்லை. அணை காலில் இல்லை, சுவரின் ஆணியில் தொங்கிற்று. ஒரு கருவியோடு சென்றிருந்தால், கால் ஓய்ந்திருக்கிறதா, அணை வெறுமையாயிருக்கிறதா என்று பிரித்தறிந்திருக்க மாட்டோம். இதற்காகவே சிலர் அணைக்குள் வெப்பமானியும் வைத்து உடற்சூட்டைக் கொண்டு தெளிகின்றனர். விழுந்த மூன்று முறையும் மாலை வேளையே என்பது அன்னையாருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. தந்தையார் சற்றுநேரம் பேசவில்லை. எனக்கோ, அவரை வேவு பார்த்தவன் போன்ற நாணம் உண்டாயிற்று. பின்பு அவர் தாமே வேட்டியை விலக்கிக் கணுவின் வெளிப்புறத்தைக் காட்டினார். கரடு உராய்ந்து தோல் சிவந்திருந்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் அலங்கார வாசலருகே எழுந்து நடந்த முடவனைப் பற்றிக் கூறுமிடத்து, கணுக்காலுக்கு இச்சொல்லே வழங்குகிறது. எத்தனையோ முறை அதனை வாசித்துக் காட்டியவர், தமது கரடு நோவதை எவருக்கும் சொல்லவில்லை.

நோவு குறித்து இன்னொன்று கூறவேண்டும். 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்து, 1946-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் கைகளையும் பாதங்களையும் தசைநார் மாற்றிச் சீர்செய்தவர். உணர்விழந்த பாதம் புண்படுவது நோய் தின்பதாலன்று, நோவு தெரியாமையால் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் அவர். பிற்காலத்தில் அமெரிக்காவில் கார்வில் என்னுமிடத்தில் பணிபுரிந்தபோது, அழுத்தத்தால் உடைந்து சாயம் கசியும் நுண்குமிழ்கள் கொண்ட காலுறைகளை அணிவித்து, பாதத்தின் எவ்விடத்தில் அழுத்தம் மிகுகிறதென்று கண்டனர். மேலும், கையுறையிலும் காலணியிலும் அழுத்தவுணரிகள் பொருத்தி, எல்லை கடந்தால் ஒலியெழுப்பி, நோவுக்குப் பதிலாகப் பயன்படுத்த முயன்றனர். ஒலியை நோயாளர் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். வேண்டாத வேளையில் விசையை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். முயற்சி கைவிடப்பட்டது. இன்றைய உணரிகள் அக்காலத்தவற்றினும் பன்மடங்கு நுண்ணியவை, உறுதியானவை. ஆணியில் தொங்கவிடுவதோ இன்றும் எளிது.

நாங்கள் கோடுகளை அச்சிட்டு இயன்முறை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் அவற்றைச் சிறிது பார்த்தார். கரட்டை நெடுநேரம் பார்த்தார். அணை செய்பவர் பிளாஸ்டிக்கை அவ்விடத்தில் மட்டும் சூடாக்கி, வெளியே புடைக்கச் செய்து, உட்புறம் மெத்தை ஒட்டிக் கொடுத்தார். அரைமணி நேர வேலை. இப்போது பிற்பகலிலும் இருகோடுகளும் நடக்கின்றன. வலக்கால் வீச்சு மாலையில் சிறிது நீள்கிறது, அது களைப்பினால் என்று மருத்துவர் கருதுகிறார். அடுத்த திங்களில் இன்னொரு வாரம் அளக்க இசைந்திருக்கிறார் தந்தையார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: ஞாயிறன்று ஆலயத்திற்குப் போகும்போது கருவியைக் கழற்றிவிட வேண்டும், அன்று ஒருநாளாவது எவரும் எண்ணாமல் தாம் நடக்கவேண்டும் என்கிறார். நண்பருக்கு இது சிறிதும் உடன்பாடில்லை.